பன்னிரண்டாம் ஜுஸ்வின் கடைசி வசனம்

1
இக்கதை சேரன்மகாதேவியில், கத்தம் ஓதும் ஒரு வீட்டில் பிறந்தது. இறந்தவருக்காகத் திருக்குர்ஆனின் முப்பது ஜுஸ்வுகளையும் (தனித்தனிப் புத்தகங்களாக உள்ள பாகங்கள்) ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து, ஒரே வேளையில் ஓதி முடிப்பது வழக்கம். தொடக்கமும் நடுவும் முடிவும் ஒருங்கே ஒலிக்கும். அவ்வொலியில் ஒழுங்கு எங்கே என்று வினவியே எழுதத் தொடங்கினேன்.

தாமிரபரணி அன்று அமைதியாக ஓடிக்கொண்டி

(வேண்டாம். ஆற்றுக்கு இங்கே வேலையில்லை.)

2
தம்பி நூகு சவூதியின் தம்மாமிலிருந்து வந்து சேருமுன்பே தந்தையை அடக்கம் செய்வித்தவர் தமக்கை ஷம்ஸியா. அன்றுமுதல் நூகு அவரோடு பேசுவதில்லை. இன்று தந்தைக்கான கத்தம்; நாளை விமானம் ஏறுகிறார்.

(ஷம்ஸியாவை முதலில் கல்நெஞ்சினராக எழுதினேன். அடக்கத்தைத் தாமதிக்கலாகாது என அஞ்சியவரை அவ்வாறு எழுதியது பிழை, அடித்துவிட்டேன்.)

3
பெண்கள் உள்ளறையில்; ஆண்கள் கூடத்தில்; இடையே ஒரு திரை. பன்னிரண்டாம் ஜுஸ்வு ஷம்ஸியாவுக்கும் பதின்மூன்றாவது நூகுவுக்கும் வாய்த்தன. (தற்செயலா என்பீர். நானே கொடுத்தேன். கதை எழுதுவோனுக்கு அவ்வளவு உரிமை உண்டு.)

ஓதி முடித்த ஷம்ஸியா, கடைசி வசனத்தின் கீழ் அச்சிட்டிருந்த தமிழைத் திரைக்கு வெளியே கேட்குமாறு வாசித்தார்.

"'அவர் இல்லாத வேளையில் நான் அவருக்குத் துரோகம் செய்யவில்லை.' கேட்டியாலே? யூசுஃப் நபி சூராவுல இருக்கு."

"உன் புஸ்தகம்தான் அங்கன முடியுது, லாத்தா. பேச்சு முடியல. மிச்சம் எங்கிட்ட இருக்கு, கேளு."

"அடேயப்பா, இப்பமாவது வாயைத் தெறந்தியே!"

நூகு சொன்னது மெய்யே. ஜுஸ்வு என்பது ஓதுவோர் வசதிக்கான அளவு. ஒரே பேச்சை அது இங்கே இரண்டாக அறுக்கிறது. (அப்பேச்சு யூசுஃபுடையதா, அவர்மீது பழி சுமத்திய பெண்ணுடையதா என்பதில் உரைகாரர் வேறுபடுவர்.) வசனங்களின் ஒழுங்கை அறிய விழைவோர் அறுத்த இடத்தைக் கடந்து படித்தாக வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை.

4
நூகு உரக்க வாசித்தார்.

"'நான் என் உள்ளத்தைத் தூயது என்று சொல்லிக்கொள்ளவில்லை...'"

தமக்கையைக் குத்தவே எடுத்தார். வாசித்த வாயோ தம்முடையது. வாப்பா படுக்கையில் கிடந்தபோதே லாத்தா அழைத்ததும், 'அடுத்த மாசம் பாப்போம்' என்று தாம் தள்ளிப்போட்டதும் நினைவில் எழுந்தன. வசனத்தின் பாதியிலேயே நிறுத்தினார்.

"அது அதோட நிக்கல லே," என்றார் ஷம்ஸியா, பைய. "மேல ஓது."

5
முடிவு ஒன்று: நூகு தேம்பி அழு

(இல்லை. ஒரு வரியில் மனம் மாறும் கதைகளை நான் நம்புவதில்லை.)

முடிவு இரண்டு: புத்தகத்தை மூடி எழுந்த நூகு

(இதுவும் அன்று.)

அவ்வசனம் இறைவனின் மன்னிப்பில் முடிகிறது. அதுவரை நூகு வாசித்தாரா என்பதை நான் எழுதப்போவதில்லை. வாசகரே, புத்தகம் இப்போது உம் கையில் இருக்கிறது. திரைக்கு அப்பால் ஷம்ஸியா காத்திருக்கிறார். ஓதுவீராக.