முன் சீட்டுக்குப் பத்துப் பேர்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் ஷேர் வேனில் கிடைத்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா செல்போனில் ஒருவரிடம், "கவலைப்படாதீங்கக்கா, முன் சீட்டு உங்களுக்குத்தான்" என்றார். வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் அதே வாக்கியத்தை இன்னும் இரண்டு பேரிடம், அதே பாசத்தோடு சொன்னார். அதற்குள் டிரைவர் பாட்டைப் போட்டுவிட்டார், ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே மீதி முழுக்க என் புளுகு. தேவிப்பிரியா என்ற பெயரும் நான் வைத்ததுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அண்ணனூர் பணிமனையில் உறங்கிக் கிடந்த மின்ரயில்களின் மேல் விடியல் தன் பொற்கரங்களை—"

அடித்துவிட்டேன். விடியலுக்கு ஏது கரம்? தவிர, இந்தக் கதையில் ரயிலே வராது.

அடுத்து: "சுயதொழிலில் பெண்கள் எதிர்கொள்ளும் சவால்களை நாம் ஆராயும்போது—"

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. உங்களுக்கும் வந்திருந்தால் உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. சரி, நேராகவே வருகிறேன்.

தேவிப்பிரியாவின் கணவர் குணசேகரன் ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். மார்ச்சில் ஓய்வு. அதன்பின் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அவருடைய ஊர் சங்கரன்கோவில் பக்கம். அண்ணன் வீட்டை ஒட்டி மனை தயாராக இருக்கிறது. தேவிப்பிரியாவுக்கு அங்கே போகப் பிடிக்கவில்லை. அங்கே போனால் அவள் மறுபடியும் 'சின்ன மருமக'. ஐம்பதைத் தொடப்போகிறவளுக்கு இது என்ன பட்டம்!

[குணசேகரனை 'அவர்' என்றும் தேவிப்பிரியாவை 'அவள்' என்றும் எழுதுகிறேன். நானும் கவனித்தேன். அவரை 'அவன்' என்று எழுதிப் பார்த்தேன், பேனா மறுத்துவிட்டது. பேனாவின் வளர்ப்பு அப்படி.]

"அங்க போயி நான் என்ன செய்ய? உங்க மதினிக்கு வெங்காயம் உரிக்கவா?" என்றாள் அவள்.

"இங்க இருந்து என்ன கிழிக்கப் போற?"

"டூர் நடத்தப் போறேன்."

குணசேகரன் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, ஒரே ஒரு ட்ரிப்பு நல்லபடியா நடத்திக் காட்டு. இங்கனயே ஒரு வீடு பாத்திருவோம். எவளாவது சண்டைன்னு வாசல்ல வந்து நின்னா, அன்னைக்கே சாமான் ஏத்த லாரிக்குச் சொல்லிருவேன்."

3

குணசேகரனை வில்லனாக்கத்தான் திட்டம். முறுக்கு மீசைகூட வைத்துவிட்டேன். ஆனால் வேன் பார்க்க அவள் நூம்பலுக்குக் கிளம்பியபோது, கூப்பிடாமலே கூட வந்தார். போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, ஆயில் ஒழுகுகிறதா என்று பார்த்தார். வில்லன் இப்படி நடந்துகொண்டால் ஒரு எழுத்தாளன் என்னதான் செய்வது? மீசையை எடுத்துவிட்டேன்.

வேன்காரர் திருவேங்கடம். அவர் அப்பா காலம்வரை நெல் விளைந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வண்டிக்குக் களை எடுக்க வேண்டியதில்லை என்பார். இந்த வேன் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போய் ஓய்ந்தது. ஒரு வருடத்துக்கு லீஸ், ஓட்டுவதும் அவரே. ஒரு நிபந்தனை போட்டார்.

"வண்டில இன்னா வேணா மாத்திக்கமா. ஸ்டீரிங்க மட்டும் எனாண்ட வுட்டுரு."

4

இனி, தேவிப்பிரியா செய்த தப்பு.

அவளுடைய டூரில் கோயிலே கிடையாது. அதுதான் விசேஷம். ஏலகிரி மலைக்குப் போய், வடை தின்று, சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்புவது. குவார்ட்டர்ஸ் பெண்களுக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் பேர் கொடுத்தவர் எதிர் பிளாக் சுலோசனா. கொடுத்த கையோடு, "தேவி, எனக்கு மலையேறினா வாந்தி வரும். முன் சீட்டு குடுத்துரு" என்றார். தேவி சரி என்றாள். அடுத்தவருக்கும் வாந்தி வரும். அதற்கடுத்தவருக்கும்.

குவார்ட்டர்ஸில் ஒருவரிடம் 'முடியாது' என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் பால் பூத்தில் நீங்கள் திமிர் பிடித்தவர். சாயங்காலத்துக்குள் உங்கள் பரம்பரைக்கே திமிர். ஆகவே அவள் பேர் கொடுத்த பத்துப் பேருக்கும், தனித்தனியாக, ரகசியமாக, முன் சீட்டைக் கொடுத்துவிட்டாள். டிரைவர் பக்கத்தில் இருப்பதோ ஒரே சீட்டு.

5

சீட் வேலை செய்யும் வேலுசாமியின் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப் போனார்கள். விஷயத்தைக் கேட்ட வேலுசாமி ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாரும் முன்னாடி உக்காரணும்னா, வண்டிய சைடு வாக்குல ஓட்டுனாத்தான் உண்டு, யக்கா."

அவர் கிண்டலுக்குச் சொன்னதைத் தேவிப்பிரியா பிடித்துக்கொண்டாள். வண்டி நேராகவே போகட்டும், சீட்டு பக்கவாட்டில் திரும்பட்டுமே! ஷேர் வேனில் இருப்பதுபோல இரண்டு பக்கமும் நீளப் பெஞ்சு. முன்னாடி யாரும் இல்லை, பின்னாடி யாரும் இல்லை.

திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாமா இது? டூர் வண்டின்னுட்டு ஷேர் வண்டி ஆக்கிகினு கீற?"

"எல்லாரும் ஒண்ணுண்ணே."

"கேக்கறதுக்கு நல்லாத்தான் கீது. மலை ஏறச் சொல்லோ தெரியும்."

[மோட்டார் வாகன ஆய்வாளர் எவராவது இதைப் படித்தால்: இந்தப் பகுதி கற்பனை. மற்ற பகுதிகளும் கற்பனைதான், இது கூடுதல் கற்பனை.]

மலைவரை போக வேண்டியிருக்கவில்லை. நூம்பலிலிருந்து பூந்தமல்லிக்கு வெள்ளோட்டம். பக்கவாட்டில் உட்கார்ந்த தேவிப்பிரியா, வாழ்நாளில் வண்டியில் வாந்தியே எடுக்காதவள், பூந்தமல்லி பாலம் வருவதற்குள் "நிறுத்துங்க!" என்று கத்தினாள். கூடவே வந்திருந்த குணசேகரன் ரோட்டோரத்தில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். 'நான் அப்போதே சொன்னேன்' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்ல வைக்கவும் முயன்றேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்ததோடு சரி.

மறுபடி பட்டறை. பெஞ்சைக் கழற்றி, பழைய சீட்டுகளைப் பழையபடி மாட்டினார் வேலுசாமி. ஒவ்வொரு போல்ட்டாக இறுகுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற தேவிப்பிரியாவுக்குப் பயமாக இருந்தது. லாரி வந்துவிடும் என்பதல்ல. அங்கே போய்விட்டால் யாரும் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். அழுதாள். இதை நயமாகச் சொல்ல என்னிடம் வேறு வழி இல்லை, அழுதாள்.

6

முடிவுக்குச் சில யோசனைகள்.

சீட்டுக் குலுக்கிப் போடலாம். சுலோசனா, குலுக்கிய கையைச் சந்தேகப்படுவார்.

ஒவ்வொரு டோல்கேட்டிலும் இடம் மாற்றி உட்காரலாம். வாலாஜா போய்ச் சேருவதற்குள் மூன்று குடும்பங்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ளும்.

தேவிப்பிரியா உண்மையை ஒப்புக்கொள்ள, பத்துப் பேரும் கண்கலங்கி அவளைக் கட்டிக்கொள்ள— வேண்டாம், விடுங்கள். நானும் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவன்தான்.

திருவேங்கடமும் ஒன்று சொன்னார்: "எட்த்துக்கினு போ என் சீட்ட. எவளாச்சும் உக்காந்து ஓட்டட்டும்." பரிசீலனையில் இருக்கிறது.

7

சனிக்கிழமை காலை. குவார்ட்டர்ஸ் வாசலில் வேன். பத்துப் பெண்களும் வந்துவிட்டார்கள். கையில் எலுமிச்சம்பழம், பாலித்தீன் கவர். அத்தனை கண்களும் முன் கதவின் மேல். பக்கவாட்டுக் கதவு திறந்தே இருக்கிறது, ஒருவரும் ஏறவில்லை. அதில் கால் வைத்தால் முன் சீட்டை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும் அல்லவா? சுலோசனா பக்கத்தில் நிற்பவரிடம், "நீங்க எதுக்கு இங்க நிக்கீங்க?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார். குணசேகரன் கொஞ்சம் தள்ளி ஸ்கூட்டரில் சாய்ந்து, வேறெங்கோ பார்ப்பதுபோல் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தேவிப்பிரியா வாயைத் திறக்கிறாள், அவள்—

இதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் பொய். தெரியும். ஆனால் செய்ய வேண்டிய ஆள் நானில்லை.

இவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தீர்களே, வேனில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. கடைசி வரிசை, பின்சக்கரத்துக்கு நேர் மேலே. ஜன்னல் சரியாகத் திறக்காது. யாராவது ஒருவர் பேசாமல் ஏறிப்போய் அங்கே உட்கார்ந்துவிட்டால் போதும், அடுத்தவருக்குக் கொஞ்சம் கூச்சம் வரும், அதற்கடுத்தவருக்கு இன்னும் கொஞ்சம். சுலோசனாகூட நடுவரிசைக்கு இறங்கிவிடுவார். ஆனால் அந்தப் பத்துப் பேரில் ஒருவரும் முதல் ஆளாக ஏற மாட்டார்கள், எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும்.

உங்களுக்கும் வாந்தி வரும், தெரியும். யாருக்குத்தான் வராது?

திருவேங்கடம் ஹாரன் அடித்துவிட்டார். தேவிப்பிரியா உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.