ஆயுத பூஜைக்கு நின்ற கம்ப்யூட்டர்

1991இல் பொம்மசந்திராவில் எங்கள் ஃபாக்டரிக்கு இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்கு ஹார்ட் டிஸ்க் கிடையாது. எதை அடித்தாலும் ஃப்ளாப்பியில்தான் சேமிக்க வேண்டும். அதற்கு நகல் எடுத்து வைக்கும் பொறுமை எனக்கு என்றுமே இருந்ததில்லை.

ஆயுத பூஜையன்று காலையிலேயே, பூஜை முடியும்வரை என்று, கம்ப்யூட்டர் உட்பட எல்லா மெஷின்களையும் நிறுத்திவிட்டார்கள். ஆறு வாரமாக நான் அடித்த உதிரிபாகப் பட்டியலோ சாயங்காலத்துக்குள் பிரிண்ட் ஆகி லாரியோடு போயாக வேண்டும். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

கூட்டிப் பெருக்கும் ரத்தினம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து மானிட்டரை நெருங்கினார்.

"ஐயோ, தொடாதீங்க!" என்று கத்தினேன்.

"எல்லா மெஷினுக்கும் வெச்சாச்சு மேடம். இதுக்கு மட்டும் வெக்காம எப்படி?"

"அது வெறும் டப்பா. என் உசிரே இதுலதான் இருக்கு" என்று ஃப்ளாப்பியை எடுத்துக் காட்டி, மேஜையில் போட்டுவிட்டு, பூசாரியை அவசரப்படுத்த ஓடினேன்.

பூசணிக்காய் உடைந்த மறுநிமிடம் திரும்பி வந்தேன். மானிட்டரில் சந்தனம் ஒரு துளிகூட இல்லை. ஃப்ளாப்பியின் உறையில், விரல் பட்டாலே கெட்டுப்போகிற உள்தகடு வெளியே தெரிகிற மாதிரி நீளவாக்கில் ஒரு திறப்பு இருக்கும். சரியாக அந்த இடத்தில், ஈரம் காயாத சந்தனமும் அதன் நடுவே குங்குமமும்.

"டப்பாவைத் தொடவே இல்ல மேடம்" என்றார் ரத்தினம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. "உங்க உசிருக்கே வெச்சிட்டேன்."