எழுபத்தொன்றாவது டம்ளர்

மருதம் விடுதியின் மாணவியர் சங்கத்துக்கு முப்பத்தொரு விதிகள் இருந்தன. துடியலூரைத் தாண்டி இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் வேறெந்த விடுதிக்கும் இத்தனை விதிகள் கிடையாது. யார் எந்த அறையில் இருப்பது, காலியாகும் கட்டில் யாருக்குப் போவது என்பதை இங்கே வார்டன் முடிவு செய்வதில்லை. பெண்கள்தான் கூடி முடிவு செய்வார்கள். என்றோ படித்துவிட்டுப் போன பெண்கள் சண்டை போட்டு வாங்கி வைத்த உரிமை அது. வார்டன் ராமாமணி அம்மாள் தீர்மான நோட்டை வாசித்துக் கையெழுத்துப் போடுவதோடு சரி.

அந்த முப்பத்தொன்றில் பதினேழாவது விதியை எழுதியவள் இஃப்ரா. பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல், தொடர்ந்து பதினைந்து நாள் விடுதியில் தங்காதவளின் கட்டிலைப் பொதுக்கூட்டம் எடுத்துக்கொள்ளலாம். காத்திருப்போர் பட்டியலில் முதலில் நிற்பவளுக்குக் கொடுக்கலாம். இதுதான் விதி.

அவளை அப்படி எழுத வைத்தது சத்தியமங்கலத்துப் பேருந்து. முதல் வருடம் முழுக்க இஃப்ரா அந்தப் பட்டியலில்தான் கிடந்தாள். விடியும் முன்னே கிளம்பி, நின்றுகொண்டே வந்து, நின்றுகொண்டே திரும்பிப் போவாள். அதே வருடம் விடுதியில் ஒன்பது கட்டில்கள் சுருட்டிய மெத்தையோடு சும்மா கிடந்தன. அந்தக் கட்டில்களின் சொந்தக்காரிகள் சரவணம்பட்டியில் கம்பெனிப் பயிற்சிக்குப் போய், அங்கேயே அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, பரீட்சைக் காலத்துக்கு ஆகட்டும் என்று இங்கேயும் இடம் போட்டு வைத்திருந்தார்கள். அடுத்த வருடம் கட்டில் கிடைத்ததும் இஃப்ரா செய்த முதல் வேலை அந்த விதியை எழுதிக் கூட்டத்தில் வைத்ததுதான். அது நிறைவேறியபோது எல்லாரும் கை தட்டினார்கள். விரலை வாயில் வைத்து விசிலடித்தவள் அவளுடைய அறைத்தோழி லாஸ்யா.

இப்போது அந்த லாஸ்யா வீட்டுக்குப் போய்ப் பத்தொன்பது நாள் ஆகிவிட்டது. அவள் கட்டிலை எடுப்பதா என்று முடிவு செய்யப் பொதுக்கூட்டம் கூடவிருந்தது.

உடுமலைப் பக்கம் அவளுடைய அண்ணனுக்குக் கோழிப்பண்ணை. அப்பா இல்லை. அம்மாவுக்குத் திடீரென்று ஒரு பக்கம் கையும் காலும் இழுத்துக்கொண்டது. இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று ஒரே ஒரு பையோடு போனவளை அண்ணன் விடவில்லை.

"ஏ புள்ள, கடுதாசி கேட்டியா?" என்று இஃப்ரா போனில் கேட்டாள்.

"கேட்டேன். 'சீட்டு போனாப் போவுது, ஊட்ல இருந்து அம்மாவப் பாரு'ங்கறான். அவன் கையெழுத்துப் போடமாட்டான் இஃப்ரா. அந்தக் கட்டில் இருக்குற வரைக்கும்தான் எனக்கு வாயி. 'ஆஸ்டல்ல எம்பட எடம் அப்படியே இருக்குது, பரீட்ச வருது'ன்னு சொல்லி நிக்கறேன். அதும் போச்சுன்னா என்னத்தச் சொல்லிக் கெளம்பறது?"

"உங்க சித்தி வாராங்கன்னு சொன்னியே?"

"அடுத்த வாரக் கடைசில வந்துருவாங்க. அவிய வந்துட்டா அம்மாவுக்கு ஆளாச்சு, நான் பையத் தூக்கிட்டு வந்துபோடுவேன். ரெண்டே வாரம். எப்புடியாச்சும் தள்ளிப்போடு."

"நான் எப்புடிடீ தள்றது?"

"கோரம் சேரலீன்னா கூட்டம் தானா பதினஞ்சு நாளு தள்ளிப்போவுமல்லோ? உன்ற கூட்டாளிங்ககிட்ட வரவேண்டாம்னு சொல்லிப்போடு."

"அத மட்டும் கேக்காத லாசி. நான் செயலாளரா இருந்துட்டு அதச் செய்ய முடியாது."

"செரி விடு," என்றாள் லாஸ்யா. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "மழையாச்சும் பேயட்டும்னு வேண்டிக்கோ."

கோரம் என்பது, முடிவெடுக்க வந்திருக்க வேண்டிய ஆட்களின் எண்ணிக்கை. விடுதியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்றில் ஒரு பங்கு, எழுபத்தொரு பேராவது வந்தாக வேண்டும். வருகையைக் கையெழுத்து வாங்கிப் பார்த்தால் போட்டுவிட்டு நழுவிவிடுகிறார்கள் என்று இங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். சாயங்கால டீ முடிந்ததும் மெஸ்ஸிலேயே கூட்டம். வருகிறவர்கள் தங்கள் எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்து தலைவியின் முன்னால் இருக்கும் நீள மேசையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் அறை எண்ணும் கட்டில் எழுத்தும் வெட்டியிருக்கும். கூட்டம் முடிகிறவரை டம்ளரை எடுக்கக் கூடாது. டம்ளர் இருந்தால் ஆள் இருப்பதாகக் கணக்கு. ஒருத்தி டம்ளரை இன்னொருத்தி கொண்டுவந்து வைத்தால், ஒன்பதாம் விதிப்படி இரண்டு பேருக்குமே விடுதியில் இடமில்லை. கூட்டம் கூட வேண்டியதில்லை, ஓட்டும் வேண்டியதில்லை.

கூட்டத்தன்று மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. இஃப்ராவுக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. வழக்கமாகவே அறுபது பேர்தான் தேறும். மழையில் யார் வரப்போகிறார்கள்?

வகுப்பு முடிந்து விடுதி வாசலுக்கு வந்தபோது, தூணோரம் ஒரு பெண் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு நின்றாள். கரோலின். பட்டியலில் முதல் பெயர். கிணத்துக்கடவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். உக்கடத்தில் ஒரு பேருந்து, காந்திபுரத்தில் ஒரு பேருந்து மாறி வந்து போகிறவள்.

"அக்கா, இன்னைக்கு ஆயிருமுங்களா?"

"தெரியலயே. கோரம் சேரோணும்."

"சேந்துருமுங்க. நேத்து கோயில்ல மெழுகுவத்தி ஏத்தீட்டு வந்தேன்." சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டுச் சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் இருந்தது. "முடிவு தெரிஞ்சுட்டுப் போலாம்னு நிக்கறேனுங்க. ஏழு மணி பஸ்ஸு இருக்குதுங்க."

"உள்ள வந்து உக்காரு கண்ணு. நனையாத," என்று சொல்லிவிட்டு இஃப்ரா விறுவிறுவென்று மாடியேறினாள். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடம் கண்ணாடியில் பார்த்த முகம்தான்.

கூட்டத்துக்கு வேண்டிய தீர்மான நோட்டு, விதிப் புத்தகம், பேனா, டம்ளர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு ஓடி இறங்கினால், மெஸ் முழுக்க எண்ணெய் வாசம். மழைக்கென்று மெஸ் அக்கா வாழைக்காய் பஜ்ஜி போட்டிருந்தார். வாசம் மூன்று மாடியும் ஏறியிருந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டிய பெண்களெல்லாம் தட்டோடு நின்றார்கள்.

தலைவி லின்சி வாய்த் துடுக்குக்காரி. "பஜ்ஜி தின்னவங்க எல்லாம் டம்ளர் வெச்சுட்டுத்தான் போவோணும். தின்னுபோட்டு ஓடறதுக்கு இதென்ன கல்யாண ஊடா?" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். பாதிப்பேர் சிரித்துக்கொண்டே வைத்தார்கள், பாதிப்பேர் எப்படியோ நழுவினார்கள். இஃப்ராவும் தன் கையில் இருந்ததை மேசையில் வைத்துவிட்டு நோட்டைப் பிரித்துத் தேதி எழுதினாள்.

அரை மணி நேரம் கெடு. கெடு முடிந்ததும் லின்சி கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் பத்துப் பத்தாக டம்ளர்களை வரிசை கட்டினாள். ஒன்றுக்குள் ஒன்று சொருகியிருந்தவற்றைப் பிரித்து வைத்தாள். ஆறு வரிசை நிரம்பியது. ஏழாவதும் நிரம்பியது. கையில் ஒன்று மிச்சம் இருந்தது.

"எழுபத்தொண்ணு!" என்று அதைத் தூக்கிக் காட்டினாள் லின்சி. "அளந்து ஊத்துனாப்புல சேந்துருச்சு. கோரம் இருக்குது."

அவள் தூக்கிப் பிடித்ததில் டம்ளரின் அடிப்பாகம் இஃப்ராவின் பக்கம் திரும்பியிருந்தது. இருநூற்றுப் பதினான்கு, ஆ.

அது லாஸ்யாவின் டம்ளர்.

இரண்டு வருடமாக அவர்களுக்குள் ஒரு வழக்கம். யார் முதலில் கீழே இறங்குகிறாளோ அவள் இரண்டு டம்ளரையும் எடுத்துப்போய் இருவருக்கும் டீ பிடித்து வைப்பாள். லாஸ்யா போன பிறகும் இஃப்ராவின் கையை அந்தப் பழக்கம் விடவில்லை. நாலைந்து தடவை மெஸ் வாசலில் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு பைக்குள் போட்டிருக்கிறாள். இன்றைக்குக் கையில் நோட்டும் புத்தகமும், மனசு முழுக்க வாசலில் நின்ற பெண்ணும். ஒன்றுக்குள் ஒன்றாகச் சொருகியபடியே வைத்துவிட்டாள்.

லின்சி டம்ளரை மேசையில் வைத்துவிட்டாள். வேறு யாரும் அடியைப் பார்க்கவில்லை.

ஒரு வார்த்தை போதும். 'இது ஒண்ணு தப்பா வந்துருச்சு, எழுபதுதான்' என்று சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். ஆனால் யார் டம்ளர் என்று கேட்பார்கள். இல்லாதவளின் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தது செயலாளர் என்றால் கைப்பழக்கம் என்று எவள் நம்புவாள்? அவள் வந்துவிட்டதாகக் காட்டப் பார்த்தாயா என்பார்கள். ஒன்பதாம் விதிக்கு ஓட்டுக் கிடையாது. லாஸ்யா இந்த நிமிடமே போவாள், கூடவே இவளும் போவாள். ஓட்டுக்கு விட்டாலாவது பிழைக்க ஒரு வழி இருக்கிறது. இஃப்ரா அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பயத்தில் வாய் ஒட்டிக்கொண்டதா, யோசித்துத்தான் பேசாமல் இருந்தாளா என்று பின்னால் பல நாள் அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

தீர்மானத்தை அவளே வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தாள்.

"அவியம்மா படுத்த படுக்கையாக் கெடக்கறாங்க," என்று முன்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "அவ ஒண்ணும் சரவணம்பட்டில ரூம் போட்டுத் தங்கலீங்க. மனசாட்சி வேண்டாமுங்களா?"

"விதிப் புத்தகத்துல மனசாட்சிய நானும் தேடிப் பாத்தேன், காணோம்," என்றாள் லின்சி. இரண்டொருவர் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு தானாகவே அடங்கியது.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "போன வருசம் எங்கக்கா கட்டிலு போச்சுங்க. அவளுக்குந்தான் டைபாய்டு. கடுதாசி ஒரு நாள் பிந்திப்போச்சுன்னு எடுத்தீங்க. செயலாளரம்மா ரூம்மேட்டுன்னா மட்டும் விதி வளையுமாக்கும்?"

தன் அறை சம்பந்தப்பட்ட விஷயத்தில் செயலாளருக்கு ஓட்டு இல்லை. அந்த விதியும் இருந்தது. இஃப்ரா கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் தூக்கிய கைகளை எண்ணினாள். கட்டிலை எடுக்கலாம் என்று முப்பத்தேழு. வேண்டாம் என்று இருபத்து நான்கு. மிச்சப்பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தீர்மான நோட்டில் 'வந்திருந்தோர் எழுபத்தொருவர்' என்று எழுதும்போது பேனா ஓரிடத்தில் நின்றது. மை புள்ளியாக ஊறியது. அதற்குப் பிறகு எழுதி முடித்தாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு வார்டன் அறைக்குப் போனாள். ராமாமணி அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

"பாவந்தான் அந்தப் புள்ள," என்றார். "ஆனா விதி விதிதானுங் கண்ணு. நீயே எழுதுனதுதான?" குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"மேடம்," என்றாள் இஃப்ரா.

"என்னம்மா?"

சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் வார்டனின் கண் அவளைத் தாண்டிக் கதவுக்குப் போனது. ஈரத் துப்பட்டாவோடு கரோலின் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீதான் அந்தப் புள்ளயா? உள்ள வாம்மா. கட்டில் கெடச்சுருச்சு. நாளைக்கே சாமானோட வந்துரு," என்றார்.

கரோலினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அழுகை வந்துவிட்டது. வார்டனைக் கும்பிட்டாள். பிறகு இஃப்ராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க எழுதுன விதியினாலதானுங்க. இல்லீன்னா இந்த வருசத்தோட படிப்ப நிறுத்திப்போட்டிருப்பேனுங்க." அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. இஃப்ராவால் அந்தக் கையை உதறவும் முடியவில்லை, இறுக்கிப் பிடிக்கவும் முடியவில்லை. வார்டன் கையெழுத்துப் போட்டு நோட்டை மூடினார்.

கட்டில் போய்விட்டது என்று மட்டும் அன்றைக்கு லாஸ்யாவுக்குச் செய்தி அனுப்பினாள். பதில் வரவில்லை.

மறுநாள் காலை லாஸ்யாவின் துணிகளையும் புத்தகங்களையும் இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டிப் பரண்மேல் ஏற்றினாள். மதியம் கரோலின் தகரப்பெட்டியோடு வந்து சேர்ந்தாள். மெத்தையை விரித்தாள், ஒரு நிமிடம் சாய்ந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள், செருப்பைக் கழற்றாமலே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இஃப்ரா மெதுவாகச் செருப்பைக் கழற்றிக் கட்டிலடியில் வைத்தாள்.

நாலு மணிக்குப் போன் அடித்தது. லாஸ்யா. தூங்குகிறவள் எழுந்துவிடக் கூடாதென்று இஃப்ரா வராந்தாவுக்கு ஓடினாள்.

"அண்ணங்கிட்டச் சொல்லிட்டேன்," என்றாள் லாஸ்யா. "அவன் ஒண்ணுஞ் சொல்லல. அண்ணிதான், சித்திய வரவேண்டாம்னு சொல்லி உடனே போன் போட்டுது."

"லாசி, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்." அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. டம்ளர், எழுபது, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது, வார்டன் அறை, ஒன்றையும் விடவில்லை.

எதிர்ப்பக்கம் கோழிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"இத எதுக்குடி இப்ப எங்கிட்டச் சொன்ன?" என்றாள் லாஸ்யா. "விதின்னு நெனச்சு மனசத் தேத்தி வெச்சிருந்தேன்."

இஃப்ரா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"அந்தப் புள்ள வந்துட்டாளா?"

"வந்துட்டா. தூங்கறா."

"இந்நேரத்துலயா?"

"ஒரு வருசத்துத் தூக்கம்."

மறுபடியும் கோழிகளின் இரைச்சல். அதற்கு நடுவே யாரோ குழறலாகக் கூப்பிடும் சத்தம்.

"அம்மாவத் திருப்பிப் படுக்க வெக்கோணும்," என்றாள் லாஸ்யா. "வெச்சர்றேன்."

வராந்தாவில் இஃப்ரா நின்றுகொண்டே இருந்தாள். சன்னல் வழியாக, நெற்றியில் கை மடித்துப் போட்டுத் தூங்கும் பெண் தெரிந்தாள். உள்ளே போக அவளுக்குக் கால் வரவில்லை.