மாதம் ஒரு கப்பல்

மருத்துவமனையில் எல்லோரும் ‘எக்ஸ்ரே அக்கா’ என்று கூப்பிடும் அவளுக்கு, நாலு வருடமாகப் பசிபிக் கடலில் உள்ள ஒரு பாலினேசியத் தீவின்மேல் கண். அங்கே ஓட்டலும் இல்லை, கூட்டமும் இல்லை. ஆனால் கப்பல் மாதம் ஒருமுறைதான். அவளுக்குக் கிடைக்கும் விடுப்போ பத்தே நாள்.

“போகவே முடியாத இடத்தை எதுக்குப் படம் போட்டுக் காட்டுறீங்க?” என்று பயண ஏஜென்டிடம் எரிந்து விழுந்தாள்.

“யாரும் போகாததாலதான்மா அது கெடாம இருக்கு. வேற தீவு பாருங்க, விமானமே போகுது.”

அவர் நீட்டிய படத்தில் கடற்கரை முழுக்கக் குடைகள். “வேணாம்” என்று எழுந்தவள், நேரே தலைமை மருத்துவரிடம் போய் நாற்பது நாள் விடுப்பு கேட்டாள்.

“விளையாடுறியாம்மா?” என்றார் அவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அன்று முழுக்க எக்ஸ்ரே அறையில், “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று அவள் போட்ட அதட்டலில் நோயாளிகள் நடுங்கிப்போனார்கள்.