மூன்றாவது குப்பி

விஜயதசமி அன்று காலை ஒன்பது மணிக்கு உக்கிரபாண்டி அருங்காட்சியகத்தின் கதவைத் திறந்தபோது, மர மேசையில் இருந்த ஐந்து அத்தர் குப்பிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. அவர் ஊருக்குப் போயிருந்த நேரத்தில் ஆலைக்காரர்கள் இந்தக் கூடத்தையும் விடாமல் கழுவித் துடைத்து, செப்பு அண்டாவிலிருந்து தராசுக் கல் வரைக்கும் பொட்டு வைத்துப் பத்தி காட்டியிருந்தார்கள். அவருக்கு மனம் நிறைந்துதான் போயிற்று. கைகூப்பிவிட்டு முதல் குப்பியை எடுத்துத் தலைகீழாய்த் திருப்பினார். அடியில் அவர் பென்சிலால் எண் எழுதி ஒட்டியிருந்த காகிதத் துண்டைக் காணோம். ஐந்திலும் காணோம். எதை எந்த இடத்தில் திரும்ப வைத்தார்களோ, தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்.

மற்ற யாராக இருந்தாலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து அடுக்கிவிடுவார்கள். உக்கிரபாண்டிக்கு நாலு மாதமாக மூக்கில் ஒன்றும் தெரிவதில்லை. ஆனி மாதத்தில் பத்து நாள் படுத்திய காய்ச்சல் இறங்கியபோது வாசனையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் இந்தப் பூச்சாறு ஆலையில் இருபத்தாறு வருஷம், வந்திறங்கும் மல்லியை மோந்து தரம் சொன்ன ஆள் அவர். வாசனைத் தொழிலின் கதையைச் சொல்ல முதலாளி சிவக்குமார் இந்தக் கூடத்தைக் கட்டியபோது, சுற்றிக்காட்ட அவரைத்தான் வைத்தார். 'எங்க அண்ணன் மூக்குக்கு ஒரு இன்சூரன்ஸ் எடுக்கணும்' என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். அந்த மூக்கு செத்துப்போனது என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அடுத்த நாள் இந்த நாற்காலியில் யார் இருப்பார்கள்?

காவலாளி காளையைக் கூப்பிட்டு, "எனக்குச் சளி புடிச்சிருக்கு, இது என்னன்னு பாரு மாப்ள" என்று ஒரு குப்பியை நீட்டினார். காளை அப்போதுதான் மூக்குப்பொடி போட்டிருந்தான். பெருமூச்சாய் இழுத்துவிட்டு, "அருமையா இருக்குண்ணே" என்றான். இன்னொன்றை நீட்டினார். "இதுவும் அருமைதாண்ணே."

அதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது.

செல்லூரிலிருந்து வந்த நெசவுக் குடும்பங்கள், பெரியவர்களும் பெண்களுமாகப் பன்னிரண்டு பேர். ராமமூர்த்தி என்பவர் முன்னால் நின்று எல்லோருக்கும் சீட்டு வாங்கினார். அவர் மனைவி நாகமணி சுவரில் இருந்த படங்களை ஒன்று விடாமல் நின்று பார்த்தாள். செப்பு அண்டாவில் பூவும் தண்ணீரும் போட்டு, மூடியை மண் வைத்துப் பூசி, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இறக்கிச் சந்தன எண்ணெயில் பிடிக்கிற பழைய முறையை உக்கிரபாண்டி விளக்கினார். அந்தப் பகுதி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அங்கே வாசனை தேவையில்லை, நாக்கு போதும். வழக்கப்படி தட்டிலிருந்து ஆளுக்கு ஒரு கை மல்லி மொட்டு கொடுத்தார். எல்லோரும் முகத்தருகே கொண்டுபோனார்கள். நாகமணி மட்டும் முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன தாயி, பூ புடிக்காதா?"

"புடிக்காம என்னண்ணே. மக ஸ்ரீலட்சுமி முழுகாம இருக்கா. மீனாட்சிக்கு ஒரு மண்டலம் மல்லிச்சரம் கட்டிப் போடுறேன்னு வேண்டியிருக்கேன். கட்டுற பூவை மோந்துட்டா அப்புறம் சாமிக்கு எப்படிப் போடுறது? நாப்பத்தெட்டு நாள் முடியிற வரைக்கும் மல்லியை வைக்கவும் மாட்டேன், மோக்கவும் மாட்டேன்."

"முப்பத்தாறு நாளா இவ கட்டுற பூவுக்கு வீடே மணக்குது. இவ மட்டும் மூச்சைப் புடிச்சுக்கிட்டே கட்டுவா. ஒரு நாளைக்கு மயங்கி விழப்போறா" என்றார் ராமமூர்த்தி. எல்லோரும் சிரித்தார்கள். உக்கிரபாண்டியும் சிரித்தார். இருக்கிற மூக்கை வேண்டாம் என்று வைத்திருக்கிற அந்த அம்மாளை அவர் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.

குப்பி மேசைக்கு வந்தபோது, பம்பாயிலிருந்து சரக்கு பார்க்க வந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு முதலாளி உள்ளே நுழைந்து கதவருகே நின்றார். உக்கிரபாண்டி, பழைய வரிசையே இருக்கட்டும் ஆண்டவா என்று நினைத்துக்கொண்டு, முதல் குப்பியில் காகிதப் பட்டையை முக்கி, பக்கத்தில் நின்ற நாகமணியிடம் நீட்டினார்.

"இது மரிக்கொழுந்து தாயி."

அவள் முகர்ந்தாள். புருவம் நெரிந்தது. பட்டையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன கண்டாளோ, சட்டென்று சிரித்தாள்.

"ஏண்ணே, செல்லூர்க்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சோதிக்கிறீகளா? வெட்டிவேரைக் குடுத்து மரிக்கொழுந்துங்கிறீக!"

"ஆமா தாயி." அவர் பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "சும்மா சோதிச்சுப் பாத்தேன்."

கதவருகே முதலாளி பம்பாய்க்காரர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். நாகமணி கணவரிடம் திரும்பி அவர்கள் வீட்டில் பேசும் வேறு மொழியில் நாலு வார்த்தை தாழ்ந்த குரலில் சொன்னாள். உக்கிரபாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. ராமமூர்த்தியின் சிரிப்பு அடங்கியது. பிறகு அவரே குரலை உயர்த்தினார். "அப்ப நாங்க சொல்றோம், சரியான்னு நீங்க சொல்லுங்கண்ணே. எங்க வீட்டம்மாதான் மொதல்ல. இவ வாயை யாரு கட்டுறது?"

இரண்டாவது குப்பி சுற்றி வந்தது. ஒருவர் ரோஜா என்றார், இன்னொருவர் மரிக்கொழுந்து என்றார். "தாழம்பூவேதான். எங்க கல்யாணத்துக்குத் தலையில வச்சுப் பின்னினது" என்றாள் நாகமணி. "அதேதான்" என்றார் உக்கிரபாண்டி. தான் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றில் இறங்குவதுபோலவும், கயிற்றின் மறுமுனை அவள் கையில் இருப்பதுபோலவும் அவருக்கு இருந்தது.

மூன்றாவது குப்பியைத் தொடப்போனபோது முதலாளி முன்னால் வந்தார். "போதும்ண்ணே, அவங்களே சொன்னா எப்படி? இவங்களுக்கு உங்க திறமையைக் காட்டணும்ல. நீங்க மோந்து சொல்லுங்க."

உக்கிரபாண்டி மூடியைத் திருகினார். பட்டையை முக்கி மூக்கடியில் பிடித்தார். வெறும் காற்று. வெள்ளைக் காகிதத்துக்கு என்ன வாசனையோ அதுகூட இல்லை. கண்ணை மூடினார். திறந்தபோது நாகமணியைப் பார்த்தார். அவள் வாய் திறக்கவில்லை. குப்பிக்கு நேராக ஒரு முறை மூச்சை இழுத்தாள். உடனே இரண்டு எட்டு பின்னால் போய், முந்தானையால் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மல்லி" என்றார் உக்கிரபாண்டி.

பம்பாய்க்காரர்கள் தலையாட்டினார்கள். முதலாளி அவர் தோளைத் தட்டிவிட்டு அவர்களைக் கொதிகலன் பக்கம் அழைத்துப்போனார்.

கூட்டம் வெளியே வேப்பமரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நாகமணி அவரிடம் வந்தாள்.

"எம்புட்டு நாளாண்ணே?"

மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. "நாலு மாசம் தாயி. காய்ச்சலுக்குப் பெறகு."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாது. கொழம்பு வாசமா இருக்குன்னு தெனமும் சொல்லிக்கிட்டு இருக்கேன். போன வாரம் தீஞ்ச கொழம்பையும் அப்படித்தான் சொன்னேன். வீட்டுக்காரி ஏற எறங்கப் பாத்தா." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "என்னால உங்க விரதம் போச்சே."

அவள் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தாள். "போகட்டும்ண்ணே. நாளையிலேருந்து ஒண்ணுன்னு எண்ணுறேன். ஆத்தாகிட்ட சொன்னா கேட்டுக்கிடுவா." பிறகு, "நீங்களும் சொல்லிருங்க. அடுத்த தடவை நான் நிக்க மாட்டேன்ல" என்றாள். ராமமூர்த்தி வேனிலிருந்து கூப்பிட்டார். "வாரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் முழுக்க, 'நீங்களும் சொல்லிருங்க' என்று அவள் சொன்னது அவரை உட்கார விடவில்லை. முப்பத்தாறு நாளாகக் கட்டுகிறாள் என்று ராமமூர்த்தி பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். முன்பின் தெரியாத ஒருத்தி முப்பத்தாறு நாளைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு முதலாளி அறைக்குப் போய், உட்காரச் சொல்லியும் உட்காராமல், எல்லாவற்றையும் சொன்னார். குப்பியின் எண், காய்ச்சல், அந்த அம்மாள், மூன்றாவது குப்பி. சிவக்குமார் பேனாவைத் திறந்தார், மூடினார். ஏதோ கேட்க வாயெடுத்தபோது வெளியே லாரி ஹாரன் அடித்தது.

"லோடு வந்துருச்சு. வாங்க" என்று எழுந்தார்.

சிமென்ட் தரையில் சாக்கை அவிழ்த்து மொட்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். வெயில் சாய்ந்த நேரம். பூ வாய் திறக்கிற பொழுது. சிவக்குமார் குனிந்து ஒரு கை அள்ளினார். வருஷக்கணக்கான பழக்கத்தில் உக்கிரபாண்டியின் முகத்துக்கு நேரே நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு அது மெல்லக் கீழே இறங்கி, உக்கிரபாண்டியின் கையைப் பிடித்து நிமிர்த்தி, பூவை உள்ளங்கையில் கொட்டியது.

உக்கிரபாண்டி விரல்களை மடக்கினார். ஈரமாகவும், நடுவில் லேசான சூட்டோடும் இருந்தன மொட்டுகள். அதில் ஒன்று, அவர் ரேகையின் மேல், இதழ் நெகிழ்ந்து கொஞ்சம் அசைந்தது.