பின்னால் வந்த வீடு

கப்பல் புறப்பட்ட நாற்பத்தோராம் நாள், காலை ஒன்பது மணி சுமாருக்கு, பம்பு முதலாளி விற்றுவிட்டு வந்த வீடு கடலில் நீந்தி வந்து கப்பலைப் பிடித்துவிட்டது. மாடி வீடு, வெளிர் மஞ்சள் பூச்சு, முன்னால் இரும்புக் கேட்டு. வாசற்படி இரண்டு தண்ணீருக்குள் இருந்தன. மற்றபடி ஒரு கீறல் இல்லை. முதலில் பார்த்தவர் முதலாளியின் மனைவி. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர் என்பதால் கப்பலிலும் அவருக்குக் கணக்கு டீச்சர் என்றே பெயர். பால்கனியில் நின்றபடி, "என்னங்க, நம்ம வீடு வருது" என்றார். அன்றைய சாப்பாட்டுப் பட்டியலை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்த முதலாளி தலையைத் தூக்காமல், "வரட்டும், வரட்டும்" என்றார்.

அந்தக் கப்பல் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்கானது இல்லை. எந்த ஊருக்கும் போய்ச் சேராமல் இருப்பதற்கென்றே கோடிகளைக் கொட்டிக் கட்டியது. இருநூறு குடும்பங்கள் ஆயுள் முழுக்க அதிலேயே குடியிருந்தன. உணவுக்கூடம் ஏழு, தலையணையில் பதினொரு ரகம், சுற்றிலும் கிடக்கிற தண்ணீர் போதாதென்று நீச்சல் குளம் மூன்று. வாழ்நாளெல்லாம் மோட்டார் பம்பு செய்து விற்றவருக்கு, மிச்சக் காலத்தைத் தண்ணீர் மேலேயே கழித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. தோன்றியதுதான் தாமதம், தொழிற்சாலையை விற்றார், வீட்டை விற்றார், கப்பலில் அறை வாங்கினார், எல்லாம் முடிந்த பிறகு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார் டீச்சர்.

"கேட்டா நீ வேண்டாம்னுதான் சொல்லுவே. அதான் கேக்கல."

இவ்வளவு தெளிவான பதிலுக்கு மேல் என்ன பேச? டீச்சர் பெட்டி கட்டினார். கப்பலில் அவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. படுக்கையை யாரோ தட்டிப் போட்டார்கள், காப்பியை யாரோ கொண்டுவந்து நீட்டினார்கள், இரண்டுக்கும் புன்னகை இலவசம். ஒருநாள் அவராகவே துவைத்த துண்டைப் பால்கனிக் கம்பியில் காயப்போட்டார். குடியிருப்போர் சங்கத்திலிருந்து அடுத்தடுத்து மூன்று கடிதம் வந்தது. ஈரத் துண்டு கடலின் அழகைக் கெடுக்கிறதாம். சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. இரண்டாவது கடிதத்தில் துண்டு என்றால் என்ன என்பதற்கே ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதியிருந்தார். வீடு வந்து சேர்ந்தபோது டீச்சரின் மனநிலை இப்படித்தான் இருந்தது.

கேப்டன் அனுபவஸ்தர். தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "பின்னால் ஒரு வீடு, நல்ல நிலையில்" என்று குறிப்பேட்டில் எழுதி, அலையில் வந்து மோதிவிடாமல் இருக்கத் தடிக்கயிற்றால் கப்பலோடு கட்டவைத்தார். நீதிபதி அவசரக் கூட்டம் போட்டார். வீடு எப்படி நீந்தும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீடு பழைய மாடல் என்பதுதான் அவர்களுக்குக் குறை. ஊரில் அதை இடித்து அடுக்குமாடி கட்ட வாங்கியிருந்தவர் புல்டோசரோடு போய்ப் பார்த்தால் அஸ்திவாரக் குழிதான் இருந்ததாம். அக்கம்பக்கத்தில் விசாரித்தார். விடிகாலையில் தெருவோடு போனது, திருப்பத்தில் ஒரு மின்கம்பத்தை இடித்தது, மற்றபடி யார் வம்புக்கும் போகவில்லை என்று வீட்டுக்கு நற்சான்று கொடுத்தார்கள். அவருக்கும் வேண்டியது மனைதானே, இடிக்கிற செலவு மிச்சம் என்று விட்டுவிட்டார்.

வீடு வந்த ஐந்தாம் நாள் டீச்சர் ஒரு வாளி ஈரத் துணியோடு படகில் ஏறி வீட்டுக்குப் போனார். வீட்டின் இன்னொரு சாவி அவர் கைப்பையிலேயே இருந்தது. மாடிக் கொடியில் துணியைக் காயப்போட்டார், காப்பி போட்டார், குடித்தார், திரும்பி வரவில்லை. "போகத் தெரிஞ்சவளுக்கு வரத் தெரியாதா?" என்றார் முதலாளி. தெரியும். ஆனாலும் மூன்று வருஷம் வரவில்லை. மின்சாரத்துக்கும் குறைவில்லை, ஊரில் கம்பியை அறுத்துக்கொண்டு வந்த மீட்டர் நடுக்கடலிலும் வழக்கம்போல வேகமாகவே ஓடியது. கப்பல் எண்ணெய் நிரப்ப ஒதுங்கிய துறைமுகங்களில் அதிகாரிகள் முதலில் தலையைச் சொறிந்தார்கள். பிறகு படிவத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்: "வீட்டில் ஆட்கள்." டீச்சர் அதில் "ஒன்று" என்று எழுதி, பழைய பழக்கத்தில் அடிக்கோடும் போடுவார்.

கப்பலில் இருந்த கனவான்களின் மனைவிமார்கள் ஒவ்வொருவராக அந்த வீட்டுச் சமையலறைக்கு வெங்காயம் உரிக்கப் போனார்கள். உரித்து, கண்ணீர் விட்டு, மாமியார் மாதிரி அதட்டும் டீச்சரிடம் திட்டு வாங்கிக்கொண்டு, முகமெல்லாம் தெளிந்து திரும்பினார்கள். ஒருநாள் மாடிக் கொடியில் நீதிபதியின் பனியன் காய்ந்தது. கடலின் அழகைப் பற்றி அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

போகாதவர் முதலாளி ஒருவர்தான். ரோஷம். வீடு கண்ணில் படக்கூடாது என்று கப்பலின் முன்பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏழு உணவுக்கூடத்திலும் எதிர் நாற்காலி காலியாக இருந்தது. பதினொரு ரகத் தலையணையையும் மாற்றிப் பார்த்தார், ஒன்றிலும் தூக்கம் வரவில்லை. தினமும் சாயங்காலம் பரிமாறுகிறவரிடம் மட்டும், "அங்க லைட் எரியுதா, பாருப்பா" என்பார். எரிகிறது என்று தெரிந்த பிறகுதான் சூப்பில் கரண்டியை விடுவார். மனைவி இல்லாமல் மனிதர் தவித்துப்போனார். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

மூன்றாம் வருஷக் கடைசியில், பட்டப்பகலில் ஒரு புயல் வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. கனத்த வீடு கயிற்றோடு கப்பலையும் பின்னுக்கு இழுத்தது. அரை மணி நேரத்தில் கயிற்றை வெட்டாவிட்டால் கப்பலுக்கே ஆபத்து என்று கேப்டன் சொல்லிவிட்டு, டீச்சரை வயர்லெஸ்ஸில் அழைத்தார். உடனே கிளம்பி வரச் சொன்னார்.

"ஒரு தடவை என்னைக் கேக்காம கூட்டிட்டு வந்தாச்சு. இந்தத் தடவை நான் எங்கயும் வர்றதா இல்ல" என்றார் டீச்சர். குரலுக்குப் பின்னால் வாளியில் தண்ணீர் அள்ளிக் கொட்டும் சத்தம் கேட்டது.

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி சட்டென்று திரும்பினார். கப்பலின் இயந்திர அறைக்கு ஓடி இரண்டு ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு, யார் தடுத்தும் கேட்காமல் படகில் குதித்தார். வீட்டுக் கொல்லையில் ஒரு பம்பு உண்டு. கல்யாணமான வருஷம் வாடகைக் கொட்டகையில் அவர் தம் கையால் செய்த முதல் பம்பு. அவர் மறந்திருந்தார், டீச்சர் வருஷா வருஷம் எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

வாசலில் இடுப்பளவு தண்ணீர். கதவு திறந்துதான் கிடந்தது. நேராக உள்ளே போயிருக்கலாம். முதலாளி நிலைப்படியில் நின்றார்.

"உள்ள வரலாமா?"

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி அது. டீச்சர் வாளியை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. மழைத் தண்ணீர் என்றுதான் பிற்பாடு சொன்னார்.

"காலைத் துடைச்சிட்டு வாங்க."

முதலாளி குனிந்தார். மிதந்துகொண்டிருந்த மிதியடியை எட்டிப் பிடித்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி, அந்த இடுப்பளவுத் தண்ணீரில் நின்று துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பம்பைப் பிரித்து மண்ணை வழித்து, குழாயில் தண்ணீர் ஊற்றிக் காற்றை எடுத்து, சுவிட்சைப் போட்டார். இரண்டு தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. கடல் தண்ணீர் ஜன்னல் வழியாகக் கடலுக்கே போனது. வீடு படிப்படியாக எழும்பியது. கேப்டன் கோடாலியைக் கீழே வைத்தார்.

அடுத்த துறைமுகத்தில் அதிகாரி படகில் வந்து படிவத்தை நீட்டினார். டீச்சர் பேனாவைத் திறந்து, உள்பக்கம் திரும்பி, "ரெண்டுன்னு போடட்டுமா?" என்று கேட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த முதலாளி, "போடேன்" என்றார். இரண்டு என்று எழுதி அடிக்கோடு போட்டார். அதிகாரி முத்திரை குத்தினார். இங்கே அலை கொஞ்சம் ஜாஸ்தி, கேட்டைச் சாத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.