இமைக்க வேண்டிய நேரம்

...இமைத்துவிட்டால் போதும், பஞ்சு கண்ணில் பட்டதும் இமைத்துவிட்டால் நரம்பு நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவாள், திங்கட்கிழமை கருவறையில் பூஜை முறை தொடங்குகிறது, புகை ஆகாது என்று இவள் தடுத்துவிட்டால் சித்தப்பா மகன் நடராஜ் வந்து நின்றுகொள்வான், அப்புறம் அவனை நகர்த்த முடியுமா... பசுபதி குருக்கள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கண் டாக்டர் சந்திரகலா பஞ்சின் நுனியை நூல்போலத் திரித்துக்கொண்டிருந்தாள். காலையில் மனைவி அபீதகுஜாம்பாள் கேட்டாள், "ஏன்னா, கண்ணு மிளகாய்ப் பழமா செவந்திருக்கு, எரியலேங்கறேளே, அதெப்படி?" எரியவில்லையென்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே, இவளுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்... எரிந்த நாட்கள் அவருக்கல்லவா தெரியும், இருபத்தைந்து வருஷக் கற்பூரப் புகை, வறண்ட கண்ணில் மணலைக் கொட்டினாற்போல. போன ஆவணியில் வேறோர் இடத்தில் கண்ணழுத்தம் பார்க்க ஒரு சொட்டு விட்டார்கள், அந்த நிமிஷமே எரிச்சல் ஓடிப்போனது, இதல்லவா மருந்து என்று பெயரை மனப்பாடம் செய்து, தெரிந்த கடையில் வாங்கி, ஒவ்வொரு கால பூஜைக்கும் முன்னால் தூண் மறைவில்... கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு என்று யாருக்குத் தெரியும்? தெரியாதா? பாதி தெரியும்.

"வேற ஏதாச்சும் சொட்டு போடறீங்களா சாமி?"

"இல்லம்மா, நீங்க குடுத்தது மட்டுந்தான்." சொல்லியாயிற்று.

"கருவிழியில நரம்பு இருக்குது பாருங்க, காஞ்சு போச்சு தண்ணி விடுன்னு அதுதான் கேக்கும். அது செத்துட்டா புண்ணு வந்தாகூட தெரியாது. சிலபேரு எரிச்சல் கம்மியாயிடுச்சுன்னு ஜாலியா சுத்துவாங்க." அவள் சிரித்தாள், அவரும் சிரித்தார், எதற்குச் சிரித்தோம்... நேற்று மத்தியானத்தோடு சொட்டை நிறுத்தியாயிற்று, ஒரு நாள் போதாதா நரம்பு விழித்துக்கொள்ள, விடிந்ததிலிருந்து எரிச்சலுக்காகக் காத்திருக்கிறார், வரவில்லை, இத்தனை வருஷம் போ போ என்று விரட்டியதை இப்போது வா வா என்று...

"செவுத்தப் பாருங்க, அசையாதீங்க." வருகிறது, வெள்ளையாக ஓரத்திலிருந்து, இதோ... இமைத்தார்.

"இன்னும் தொடவே இல்ல சாமி. அவ்ளோ பயமா?" பஞ்சு தெரியாதபடி அவள் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

மாட்டிக்கொண்டோமா? இல்லை, பயம் என்றுதானே நினைக்கிறாள், நினைக்கட்டும். இந்தத் தடவை அவசரப்படக் கூடாது, பட்ட பிறகுதான்... சுவரில் எழுத்துப் பலகை, மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது, ஐந்தாவது வரி கலங்குகிறது, போன மாதம் தெரிந்ததே? நடராஜுக்கு ருத்ரம்கூட நடுவில் தடுமாறும், அவனைப் போய்... ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறாள்?

"தொடுங்கம்மா, நான் ரெடி."

மெல்லத் திரும்பினார். பஞ்சு குப்பைக்கூடையில் கிடந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எழுதாமல், அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வாட்டி தொட்டுட்டேன் சாமி."

எப்போது? ஐந்தாவது வரியிலா, நடராஜை நினைத்தபோதா, அதற்கும் முன்பா... ஒவ்வொரு நொடியாகத் திரும்பிப் போய்த் தேடினார், எங்கேயும் யாரும் தொட்ட சுவடே இல்லை.